2019இல் நின்றுபோன தாள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, எங்கள் அச்சகத்தின் பின் ஒழுங்கையில் குடியிருக்கும் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, உங்கள் தகரத்துக்குக் கீழால் புகை வருகிறது. குப்பை கொளுத்துகிறீர்களா?" என்றார். சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்குப் பூட்டிவிட்டு வந்த இடம் அது. மோட்டார் சைக்கிளில் நல்லூர்ப் பக்கம் போய்ச் சேர ஏழு நிமிடம் பிடித்தது. வழி முழுக்க நான் நினைத்துக்கொண்டு போனது, எட்டு மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளும்படி சொல்லி வைத்திருந்த ஐந்நூறு கல்வெட்டுகளைத்தான்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அவர் நினைவாகச் சிறு புத்தகம் ஒன்று அச்சிட்டு வருபவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவாரம், பேரப்பிள்ளைகள் எழுதிய கவிதை எல்லாம் அதில் இருக்கும். அதைத்தான் கல்வெட்டு என்கிறோம். கலியாண அட்டையைக்கூட இரண்டு நாள் தள்ளிக் கொடுக்கலாம். கல்வெட்டைத் தள்ள முடியாது. அதனால் எங்கள் அச்சகத்தில் இரவு வேலை உண்டு. அந்த இரவு வேலையின் மிச்சம்தான் அன்று காலை புகைந்துகொண்டிருந்தது.

முன் ஷட்டரைத் தூக்கினேன். எண்ணெயைச் சட்டியில் விட்டுக் கருகவிட்டால் வருமே, அந்த மணம். அச்சு இயந்திரத்தின் கால்மாட்டில் ஒரு காட்போட் பெட்டி; உருளை துடைத்த துணிகளை இரவெல்லாம் அதற்குள் போட்டிருந்தார்கள். பெட்டியின் ஒரு பக்கம் எரிந்து, தீ நாக்கு இயந்திரத்தின் மூடிவரை எட்டியிருந்தது. தீயணைப்புக் கருவியை எடுக்கத் திரும்பினால், அது மாட்டியிருந்த சுவரே தெரியவில்லை. முன்னால் கடதாசிக் கட்டுகள் கழுத்துயரம் நின்றன. அவற்றின் மேல் ஏறி, கையை விட்டு இழுத்து எடுத்தேன். காபனீரொட்சைட்டு (CO2) வாயுக் கருவி அது. அடித்ததும் தீ மறைந்தது. நான் மூச்சு விட்டு முடிக்குமுன் துணிக்குவியலின் நடுவில் மறுபடி செக்கச்செவேலென்று கனன்றது. அந்த வாயு காற்றை விலக்குமே தவிர, உள்ளே இருக்கும் சூட்டைத் தணிக்காது. துணி, கடதாசி, மரம் போன்ற கனலும் பொருள்களுக்குத் தண்ணீர்தான் மருந்து. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, கிணற்றடியிலிருந்து ஐந்து வாளி தண்ணீர் சுமந்தேன். பெட்டியை மண்வெட்டியால் வெளியே இழுத்துப் போட்ட பின்புதான் அடங்கியது.

நான் செய்ததை யாரும் செய்யவேண்டாம். புகை நிறைந்த கட்டடத்துக்குள் தனியாக, யாருக்கும் சொல்லாமல், ஷட்டரை முழுதாகத் திறந்து தீக்குக் காற்றும் கொடுத்துக்கொண்டு நுழைந்தேன். பின் கதவு திறக்க முடியாமல் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. தீயணைப்புப் படையின் 110ஐ அழைக்கும் எண்ணமே வரவில்லை. தப்பியது அதிர்ஷ்டம்.

கல்வெட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மணம் மட்டும் ஏறியிருந்தது. வாங்க வந்தவர்கள் சாம்பிராணி என்று நினைத்திருக்க வேண்டும், எதுவும் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு, ஈரக் காற்சட்டையோடு நின்று சுவரைப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாள் தொங்கியது: "தீ இடர் மதிப்பீடு, ஒக்ரோபர் 2019". கீழே என் கையெழுத்து. பெரிய அச்சு வேலை ஒன்று தந்த நிறுவனம் கேட்டதற்காக, இந்தத் துறை தெரிந்த நண்பர் ஒருவரோடு இரண்டு நாள் உட்கார்ந்து தயாரித்தது. மோசமான தாள் என்று சொல்ல மாட்டேன். எரியக்கூடியவை எவை, பற்றவைக்கக்கூடியவை எவை, யார் யாருக்கு ஆபத்து, எப்படி வெளியேறுவது என்று ஒழுங்காக எழுதியிருந்தோம். 2019இல் அந்த அச்சகத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த அச்சகம் இப்போது இல்லை. "பின் வாசல்: தடை இல்லை" என்று எழுதியிருந்தது, பின் கதவை மறித்து நாற்பது ரீம் கடதாசி. "மேல் தட்டில் ஆட்கள் இல்லை"; அங்கே மெய்ப்புப் பார்க்கும் எழுபத்து நான்கு வயது ஐயா, முழங்கால் வலியோடு, மரப்படியால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். "எரிபொருள் வளாகத்தில் வைப்பதில்லை"; கழிவறைக்குப் பக்கத்தில் மூன்று கேன் பெற்றோல். "கருவி எண் 2: வாசலருகே, தெளிவாகத் தெரியும்படி." இந்த வரியை வாசித்தபோது சிரிப்பு வந்தது.

எங்கே நழுவியது என்று யோசித்தால் விடை 2022. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை போனது. மின்பிறப்பாக்கி வாங்கினோம், சத்தம் தாங்காமல் அதைப் பின் ஒழுங்கைப் பக்கம் மாற்றினோம். பெற்றோல் கிடைக்கும் நாளில் கேன்களில் பிடித்து வைத்தோம். கடதாசித் தட்டுப்பாடு வந்தது. மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே கடதாசி இல்லாமல் தள்ளிப்போன காலம் அது. கிடைத்தபோது கடன் வாங்கியாவது வாங்கி அடுக்கினார் முதலாளி. கீழ்த்தளம் நிரம்பியதும் மெய்ப்பு ஐயாவின் மேசை மேலே போனது. பிறகு கூரையில் சூரிய மின்தகடு வந்தது, இன்வேர்ட்டர் வந்தது, பற்றரிகள் வந்தன. ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் நியாயமான காரியம். எல்லாமே வாசலால் எங்கள் கண்முன்தான் வந்தன. தாளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அச்சுத்தொழிலில் இருக்கும் யாழ்ப்பாணத்தவனுக்குத் தீ என்றதும் 1981தான் நினைவுக்கு வரும். மே 31 இரவு தொடங்கிய அந்த நாள்களில் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. தீ என்பது பிறர் கொண்டுவந்து வைப்பது என்று மனத்தில் பதிந்த ஊர் இது. நம் சொந்தத் துணிப்பெட்டியிலிருந்து, யாரும் வைக்காமல் தீ வரும் என்று மனம் எளிதில் ஏற்பதில்லை. அன்று மதியம் வந்த முதலாளியும் முதலில் கேட்டது, "யாரடா வைத்தது?" என்றுதான்.

யாரும் வைக்கவில்லை. அச்சு மையில் ஆளிவிதை எண்ணெய் போன்ற, காற்றுப் பட்டு உலரும் எண்ணெய்கள் இருக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்துதான் அவை உலர்கின்றன. அப்போது வெப்பம் பிறக்கும். துணியை விரித்துப் போட்டால் அந்தச் சூடு பறந்துவிடும். கசக்கிப் பெட்டிக்குள் திணித்தால் உள்ளேயே தேங்கி, மணித்தியாலக் கணக்கில் ஏறி, ஒரு கட்டத்தில் தானே பற்றிக்கொள்ளும். ஈர வைக்கோலைப் போராக வைத்தவர்கள் அதற்குள் கையை விட்டுப் பார்த்திருப்பார்கள். சூடு உள்ளுக்குள்ளேயே ஏறுவது அவர்களுக்குப் புதிதாக இராது. 2019இல் எங்களிடம் மூடியுள்ள இரும்பு வாளி இருந்தது, மாலையில் அதைக் காலி செய்யும் பையனும் இருந்தான். தாளிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. பையன் வெளிநாடு போய்விட்டான். வாளி துருப்பிடித்து ஓட்டையானது. காட்போட் பெட்டி வந்தது. பையன் போன அன்றே தாளைத் திருத்தியிருக்க வேண்டும் என்பது இப்போது புரிகிறது. இயந்திரம் வந்தால் எவரும் கவனிப்பார்கள். ஓர் ஆள் போனால் அவரோடு போகும் வேலையை யாரும் கவனிப்பதில்லை.

தீப்பிடித்த ஆண்டின் ஒக்ரோபரில் இலண்டனில் பலசரக்குக் கடை நடத்தும் மச்சானோடு பேசியபோது இதைச் சொன்னேன். அவருக்கு அப்போது இதே தலையிடி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்பு ஆணைப்படி வேலைத்தளத்துக்குப் பொறுப்பானவர் தீ இடர் மதிப்பீடு செய்தாக வேண்டும். முன்பு ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் பெரும்பாலும் அதை எழுதி வைக்கவேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. 2023 ஒக்ரோபர் 1 முதல் எல்லோரும் முழுமையாக எழுதி வைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. "எத்தனை வருடத்துக்கு ஒரு முறை திருத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, மச்சான்?" என்று கேட்டேன். "வருடக் கணக்கு எதுவும் இல்லை" என்றார். ஒழுங்காக மீளாய்வு செய்து நாளது தேதிக்குப் பொருந்தும்படி வைத்திரு. அது இனிச் செல்லாது என்று சந்தேகம் வந்தாலோ, முக்கியமான மாற்றம் நடந்தாலோ உடனே திருத்து. அந்த ஆணையின் சாரம் அவ்வளவுதான். பலரும் ஆண்டுக்கொரு முறை பார்க்கிறார்கள், அது வழக்கம்.

அந்தச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது. இங்கே 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தீயிலிருந்து தப்பும் வழி பற்றி அதிலும் பேசப்படுகிறது. ஆனால் மச்சான் சொன்ன அந்த ஒரு கருத்து எனக்குப் பிடித்துவிட்டது. நாள்காட்டியை நம்பி இருந்தால், ஜனவரியில் தாள் திருத்தி, பெப்ரவரியில் மின்பிறப்பாக்கி வாங்கி, பதினொரு மாதம் பொய்யான தாளின் கீழ் வேலை செய்யலாம்.

தீப்பிடித்த வாரமே ஒரு காரியம் செய்தோம். பழைய தாளின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, வேலை செய்பவர்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு, வாசலிலிருந்து பின் மதில்வரை நடந்தேன். ஒவ்வொரு வரியையும் உரக்க வாசிப்பேன். அது உண்மையா என்று அவர்கள் சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிடம் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கூட்டித் துடைக்க வரும் அக்கா வாயைத் திறந்தார். "தம்பி, கட்டும் மேசைக்குப் பின்னால் இருக்கிற பிளக், துடைக்கும்போது கையைச் சுடுகிறது." எத்தனை நாளாக என்று கேட்டேன். "தைப்பொங்கலுக்கு முதலே" என்றார். நாங்கள் பேசிக்கொண்டு நின்றது வைகாசி மாதம்.

அது ஐந்து அம்பியர் சொக்கெற்று. அதில் மாற்றுத் தலை போட்டுக் கெட்டிலைச் சொருகியிருந்தார்கள். 2000 வாற்று கெட்டில் 230 வோல்ற்றில் கிட்டத்தட்ட 8.7 அம்பியர் இழுக்கும். அதே வயரில் புத்தக முதுகு ஒட்டும் பசைச் சட்டியும் ஓடியது. அந்தப் பசை உருக 160 பாகைக்கு மேல் சூடு வேண்டும். நான் தினமும் அந்த மேசையைக் கடந்துதான் போகிறேன். எனக்குத் தெரியாதது அக்காவுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அவர் அதைக் கையால் தொடுகிறார்.

அந்த நடையில் கிடைத்தவற்றில் என்னை அதிகம் பயமுறுத்தியது ஒரு திறப்பு (சாவி). திருட்டுப் பயத்தால் இரவு வேலையின்போது முன் ஷட்டரை இறக்கி உள்ளே பூட்டுவார்கள். திறப்பு இயந்திரம் ஓட்டும் அண்ணையின் சட்டைப் பையில் இருக்கும். அவர் இரவு ஒன்பதரைக்குத் தேநீர் வாங்கப் போகும்போது வெளியால் பூட்டிக்கொண்டு போவார். பின் கதவை மறித்துக் கடதாசி. அதாவது, ஒவ்வொரு கல்வெட்டு இரவிலும் கால்மணி நேரம், மூன்று பேர் பூட்டிய பெட்டிக்குள் இருந்திருக்கிறார்கள். பகலில் எழுதிய மதிப்பீடு பகலை மட்டும்தான் பார்த்திருந்தது. இப்போது பின் கதவில் உள்ளிருந்து கையால் தள்ளித் திறக்கும் தாழ்ப்பாள், திறப்பே தேவையில்லை. கடதாசிக்குத் தனி அறை வாடகைக்கு எடுத்தோம். முதலாளி அந்த வாடகையை இன்றுவரை எனக்கு நினைவூட்டுகிறார்.

மெய்ப்பு ஐயாவைக் கீழே கொண்டுவந்தது தனிக்கதை. இயந்திரச் சத்தத்தில் ஒற்றுப் பிழை தெரியாது என்று ஒரு கிழமை கோபமாக இருந்தார். பிறகு தாளை வாங்கி, "தீயணைப்பு கருவி" என்று இருந்த இடத்தில் வலி மிகும் என்று சிவப்பு மையால் "க்" போட்டுத் தந்தார். அதை அவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது சுவரிலுள்ள கண்ணாடிச் சட்டத்துக்குள் தாள் இல்லை. வாசல் மேசையில் நூல் கட்டிய பேனையோடு ஒரு கொப்பி கிடக்கிறது. அச்சகத்துக்குள் எது புதிதாக வந்தாலும், போனாலும், இடம் மாறினாலும், யார் கொண்டுவந்தாரோ அவர் ஒரு வரி எழுத வேண்டும். அன்று மாலைக்குள் நான் பார்த்து மூன்று கேள்விக்குப் பதில் எழுதுவேன்: இது சுடுமா, இது எரியுமா, இது வழியை மறிக்குமா. மூன்றுக்கும் இல்லை என்றால் கையெழுத்தோடு முடிந்தது. ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் மதிப்பீட்டின் அந்தப் பகுதியைத் திருத்தி, தேதி போட்டு, பழைய பக்கத்தையும் கிழிக்காமல் கோப்பில் வைப்பேன். நாற்காலி மாற்றியதற்கெல்லாம் முழு மதிப்பீட்டையும் எழுதத் தொடங்கினால் இரண்டு மாதத்தில் சலித்துப் போகும்.

கொப்பியில் இதுவரை வந்தவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, பக்கங்களை வடிவமைக்கும் தம்பியின் மின்சார ஸ்கூட்டர். வெளியில் வெயில் என்று நடைவழிக்குள் நிறுத்தி, அங்கேயே சார்ச் போட்டுக்கொண்டிருந்தான். லித்தியம் பற்றரி பழுதாகிப் பற்றினால் நச்சுப்புகையோடு மிக வேகமாக எரியும், அணைத்த பின்னும் மறுபடி பற்றும். அதை நாம் வெளியேற வேண்டிய பாதையில் வைக்கக்கூடாது. இப்போது மதிலோரத் தகரப் பந்தலுக்குக் கீழ், பகலில், ஆள் இருக்கும்போது மட்டும். மற்றது சூரிய மின்தகடு. மெயினை நிறுத்திவிட்டால் கட்டடத்தில் மின்சாரம் இல்லை என்றுதான் நான் நம்பியிருந்தேன். வெயில் இருக்கும்வரை தகட்டிலிருந்து இன்வேர்ட்டர்வரை வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். தண்ணீர் அடிக்க வருபவருக்கு அது தெரிய வேண்டும். வாசலில் பெரிய எழுத்தில் எழுதி, அந்த நேரோட்ட (DC) மின்னை வெட்டும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அம்புக்குறியும் போட்டோம். அச்சகம்தானே, அறிவித்தல் அடிக்கக் கூலி இல்லை.

சில மாற்றங்கள் கொப்பிக்கு வராது, ஏனென்றால் யாரும் கொண்டுவருவதில்லை, காலம் கொண்டுவருகிறது. நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேறினால் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்கு அடைக்கப்படும். இருபத்தைந்து நாளும் எங்கள் ஒழுங்கைக்குள் தீயணைப்பு வாகனம் வரும் வழி வேறு. மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவின் நேரடி எண்ணை 110க்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். திருவிழாக் காலத்தில் எந்தப் பக்கத்தால் வரச் சொல்வது என்பதையும் அதற்குக் கீழே எழுதுகிறோம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் பின் ஒழுங்கை வேலிகளின் பனையோலை காய்ந்து சருகாகிவிடும். ஒரு பொறி போதும், காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே மின்பிறப்பாக்கியின் புகைக்குழாயை வேலிப்பக்கம் திருப்பி வைத்தது தவறு என்று கண்டு மாற்றினோம். மாரியில் கூரை ஒழுகி எந்தச் சொக்கெற்றில் ஈரம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். நவராத்திரியில் இயந்திரத்துக்குப் பொட்டிட்டுக் கற்பூரம் காட்டுவார்கள். அதை நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, விருப்பமும் இல்லை. பூசைக்கு முதல் நாள் தின்னர், பெற்றோல் எல்லாம் வெளியே போகும், கற்பூரத் தட்டு தரையில் மணல் மேல் இருக்கும், ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில். அதற்கும் மதிப்பீட்டில் ஒரு பக்கம் உண்டு.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. தூள் நிரப்பிய கருவியில் அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதந்தோறும் பார்க்கலாம். காபனீரொட்சைட்டுக் கருவியில் பொதுவாக மானி இராது. நிறுத்துத்தான் பார்க்க வேண்டும், நிரப்பிய வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். எங்கள் கடதாசித் தராசு அதற்கு உதவுகிறது. கடதாசி இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர்க் கருவி ஒன்று புதிதாக வாங்கினோம். மின்சாரப் பலகைக்குக் கிட்ட அதைக் கொண்டுபோகக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லி, சுவரிலும் எழுதியிருக்கிறோம்.

துணிகளுக்கு மூடியுள்ள புது இரும்பு வாளி வந்துவிட்டது. இரவு வேலையில் கடைசியாகப் போகிறவர் அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் துணிகள் மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டு, அச்சகத்து வட்ஸ்அப் குழுவில் படம் போடுவார். படம் வராவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இரண்டு முறை வராமல், இரவு பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை வாளி சரியாகத்தான் இருந்தது, அண்ணையின் தொலைபேசியில் சார்ச் இல்லை. மற்ற முறை வாளி இயந்திரத்தடியிலேயே இருந்தது.

போன வியாழக்கிழமை பின்னேரம் முதலாளி கொழும்பிலிருந்து புது லமினேற்றர் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். மறுநாள் கலியாண அட்டை வேலை. பெட்டியை உடனே உடைக்கச் சொன்னார். கூட்டும் அக்கா விளக்குமாற்றைச் சாத்திவிட்டுப் போய்க் கொப்பியை எடுத்து வந்து, பேனையோடு அவர் முன்னால் நீட்டினார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தேன். பிறகு அவரே எழுதினார்: "லமினேற்றர் 1, சுடும்." எந்தச் சொக்கெற்றில் போடுவது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. இயந்திரம் இன்னும் விறாந்தையில்தான் இருக்கிறது. மின்வேலைக்காரர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.